பணிவிடை: காய்ச்சல் விட்டதும் வந்த சொல்

மட்டக்களப்புக் கிறிஸ்தவ சபைகளில் ‘ஊழியம்’ என்றால் மைக், மேடை, பிரசங்கம். ‘அவர் ஊழியத்துக்கு வந்திட்டார்’ என்றால் பார்த்த வேலையை விட்டுப் போதகராகிவிட்டார் என்று பொருள். ‘ஆஸ்பத்திரி ஊழியம்’ என்பதும் நோயாளர் பார்க்கும் நேரத்தில் வாட்டுக்குப் போய் ஜெபித்துவிட்டு வருவதுதான். நான் டெங்குவில் கிடந்தபோது பக்கத்து வீட்டு மாமி துணைக்கு நின்றார். நான் குடித்ததையும் சிறுநீர் போனதையும் அளந்து கொப்பியில் எழுதி மிஸியிடம் காட்டினார், கஞ்சி பருக்கினார், தலை வாரிவிட்டார். அதை யாரும் ஊழியம் என்று சொல்லவில்லை.

மூலமொழியில் இந்தப் பிரிவே கிடையாது. புதிய ஏற்பாட்டில் இரண்டுக்கும் கிரேக்கச் சொல் ‘தியாகொனியா’. ‘தியாகொனொஸ்’ என்பவர் ஏவல் செய்பவர், பந்தியில் பரிமாறுபவர். டீக்கன் என்ற திருச்சபைப் பட்டம் இதிலிருந்து வந்தது. கத்தோலிக்கர் அதற்கு வைத்த பெயர் ‘திருத்தொண்டர்’. (நாயன்மாருக்குச் சைவர் வழங்கிய அதே சொல்! பெரியபுராணத்துக்குச் சேக்கிழார் இட்ட பெயரே திருத்தொண்டர் புராணம்தான்.)

மாற்கு முதலாம் அதிகாரத்தில் சீமோனின் மாமி காய்ச்சலாய்க் கிடக்கிறாள். இயேசு கையைப் பிடித்துத் தூக்கிவிட, காய்ச்சல் நீங்குகிறது. அப்பொழுது அவள் அவர்களுக்குப் ‘பணிவிடை’ செய்தாள் என்கிறது நம் பழைய வேதாகமம். அதே அதிகாரத்தின் 13ஆம் வசனத்தில் தேவதூதர் இயேசுவுக்குச் செய்தது ‘ஊழியம்’. 10:45இல் மனுஷகுமாரன் செய்ய வந்ததும் ‘ஊழியம்’. கிரேக்கத்தில் மூன்றும் ஒரே வினை. மத்தேயு 25இல், வியாதிப்பட்டவரைக் கவனியாதவர்களின் வாயில், அதே வினை வெறும் ‘உதவி’ ஆகிவிட்டது. பெண் என்பதால் குறைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ரோமர் 16:1 பெபேயாளை ‘ஊழியக்காரி’ என்றுதான் அழைக்கிறது. அடுப்படியில் நடந்ததால் சொல் மாறியதோ என்னவோ. இன்னொன்று: மாமியைப் பற்றிய கிரேக்க வினை ‘செய்துகொண்டிருந்தாள்’ என்ற தொடர்ச்சியைக் காட்டுகிறது. ‘செய்தாள்’ என்பதில் அது போய்விட்டது.

ஊழியம் இரவல் சொல்லல்ல. கன்னடத்தில் ‘ஊளிக’, தெலுங்கில் ‘ஊடிகமு’ என்று அதற்கு உறவுகள் உண்டு. கடவுளுக்கோ குருவுக்கோ எசமானுக்கோ கடமைப்பட்ட வேலை என்பதே பொருள். அந்தக் கடமை சில காலம் விலங்காகவும் இருந்தது. ஒல்லாந்தர் ஆண்ட இலங்கையில் சோனகரும் செட்டிகளும் அரசுக்குச் செய்தே தீரவேண்டிய வேலைக்கு ‘ஊழியம்’ என்றே பெயர். திருவிதாங்கூரிலும் கூலியில்லாமல் வாங்கிய வேலை இதே பெயரில் நடந்தது.

‘சேவை’ வடசொல். அதுவும் பஸ் சேவை, வங்கிச் சேவை என்று தேய்ந்துபோயிற்று. தியாகொனியாவுக்கு நான் எடுப்பது பணிவிடைதான். பணி என்றால் வேலை, பணிதல் என்றால் குனிதல். பணித்தல் என்றால் ஏவுதல் என்பதும் தெரியும். ஆனாலும் கட்டிலில் கிடப்பவருக்குக் குனியாமல் எதைச் செய்ய முடியும்?

சுகமான பிறகு, சனிக்கிழமைகளில் பெண்கள் வாட்டுக்குப் போகத் தொடங்கினேன். துணைக்கு ஆளில்லாதவர்களுக்குச் சுடுதண்ணிப் போத்தல் நிரப்பிக் கொடுப்பேன், சாப்பிட முடியாதவர்களுக்கு ஊட்டிவிடுவேன். முதல் நாள் மாமியிடம் சொன்னபோது, “ஊழியமா புள்ள?” என்று கேட்டார். என்ன சொல்வதென்று நான் யோசிப்பதற்குள் குசினிக்குப் போய்விட்டார். “போகக்குள்ள இந்தக் கஞ்சியையும் கொண்டு போ.”