துத்தநாகக் காய்ச்சல் என்று நினைத்து வீட்டில் படுத்துவிடாதீர்கள்

நகையைப் பற்றவைக்கச் சேர்க்கும் காட்மியம் என்ற நச்சு உலோகம் நகைப் பட்டறைகளை விட்டுப் போய்விட்டது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். போகவில்லை. போன வாரம் மறுபடியும் ஒருவர் வந்தார். மதுரை தெற்காவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை. மழைச் சாரலுக்காக ஜன்னலை மூடிவிட்டு, தங்கத்தோடு காட்மியம் சேர்த்துப் பற்றவைக்கும் பொடி உருக்கியிருக்கிறார். அன்று சாயங்காலமே தொண்டை எரிச்சல், குளிர், உடம்பு வலி. பால் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். மூன்றாம் நாள் மகன் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தபோது, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை.

"அப்பாவுக்கு முன்னாடியும் இப்படி வந்திருக்கு டாக்டர். மறுநாளே எந்திரிச்சு வேலைக்குப் போயிருவாரு."

முன்னாடி வந்தது துத்தநாகப் புகையால் வரும் காய்ச்சல். கே.புதூரிலும் கப்பலூரிலும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் வெல்டிங் செய்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். சாயங்காலம் குளிரெடுக்கும், ஓரிரு நாளில் தானாகப் போய்விடும். இந்த முறை வந்தது காட்மியம். முதல் சில மணி நேரம் அச்சு அசல் அதே மாதிரிதான் இருக்கும். அப்புறம் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் நுரையீரல் வெந்து நீர் கோக்கும். உயிரே போகலாம். பால், வாழைப்பழம், வெல்லம் எதுவும் உதவாது. நீங்கள் சாப்பிடுவது வயிற்றுக்குப் போகிறது, புகை போனது நுரையீரலுக்கு.

"ரெண்டும் ஒரே குடும்பம்தானே, ஒண்ணுக்கு என்ன செய்யுமோ அதேதானே இன்னொண்ணுக்கும்?" இந்தக் கேள்வியை பட்டறைக்காரர்களிடம் மட்டுமல்ல, வேதியியல் படித்தவர்களிடமும் கேட்டுச் சலித்துவிட்டேன். ஆவர்த்தன அட்டவணையை வரிசையாக ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்து, அதைப் படிக்கச் சொல்லித்தராததன் விளைவு இது.

அணு எண்ணில் துத்தநாகம் 30, காட்மியம் 48, பாதரசம் 80. மூன்றும் அட்டவணையின் 12ஆம் தொகுதியில், அதாவது 12ஆவது செங்குத்து வரிசையில், ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. கடைசிக் கூட்டில் மூன்றுக்கும் இரண்டு எலக்ட்ரான்தான், அதனால் வேதியியல் நடத்தையில் ஒரு சாயல் உண்டு. சரி. ஆனால் ஒரே தொகுதி என்றால் ஒரே குணம் என்று யார் சொன்னது? கீழே இறங்க இறங்கக் குணம் மாறிக்கொண்டே போகும், அதுவும் ஒரு போக்கில் மாறும். துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸில் உருகும், காட்மியம் 321இல், பாதரசம் மைனஸ் 39இல். கொதிநிலையைப் பாருங்கள்: 907, 767, 357. தங்கம் உருகவே 1064 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் காட்மியத்தைப் போட்டால் அது கொதித்து ஆவியாகும், காற்று பட்டதும் ஆக்சைடு புகையாகி உங்கள் முகத்துக்கு நேரே எழும்பும். உருக்கும் மூசையின் மேல் பழுப்பாகப் புகை தெரிகிறதென்றால் அது வெறும் வெண்காரப் புகை அல்ல.

இந்த அட்டவணையை வகுத்த மெண்டலீவின் பெருமையே இந்த இரண்டையும், சாயலையும் போக்கையும், சேர்த்துப் பார்த்ததில்தான் இருக்கிறது. அவருக்கு முன்னால் டாபரீனர் ஒத்த தனிமங்களை மூன்று மூன்றாகச் சேர்த்து மும்மைகளைச் சொன்னார், நியூலாந்து எட்டாவது தனிமத்தில் குணம் திரும்ப வருகிறது என்று எண்ம விதியைச் சொன்னார். மெண்டலீவ் மேலும் கீழும் பக்கவாட்டிலும் பார்த்து, சிலிக்கானுக்குக் கீழே காலியிடம் விட்டு, அங்கே வரப்போகிற தனிமத்தின் அணு நிறை 72, அடர்த்தி 5.5 என்று 1871இல் எழுதிவைத்தார். 1886இல் விங்க்ளர் ஜெர்மானியத்தைக் கண்டுபிடித்தார். இன்றைய அளவில் 72.6, 5.3. மேலே இருக்கும் சிலிக்கானும் இதுவும் ஒன்று என்று நினைத்திருந்தால் இந்த எண்கள் கிடைத்திருக்குமா? 1869இல் வெளியிட்ட முதல் அட்டவணையில் அவர் பாதரசத்தைச் செம்பு, வெள்ளியோடு வைத்திருந்தார். தங்கத்தைக் கேள்விக்குறி போட்டு அலுமினியத்தின் வரிசையில் வைத்திருந்தார். இரண்டே ஆண்டில் இரண்டையும் இடம் மாற்றினார். 1913இல் மோஸ்லி அணு எண்ணைக் கொண்டு வரிசையை உறுதிசெய்தார்.

சாயல் இருப்பதால்தான் காட்மியம் இன்னும் ஆபத்தாகிறது. துத்தநாகம் உடம்புக்குத் தேவை, காட்மியம் எதற்கும் தேவையில்லை. ஆனால் துத்தநாகத்தைப் பிடித்து வைக்கும் அதே புரதம் காட்மியத்தையும் பிடித்துச் சிறுநீரகத்தில் சேர்த்துவிடுகிறது. பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும். மண்ணுக்குள்ளும் இரண்டும் சேர்ந்தே கிடக்கும். 1817இல் ஸ்ட்ரோமையர் காட்மியத்தைக் கண்டெடுத்ததே துத்தநாகக் கார்பனேட்டில் இருந்த கலப்படமாகத்தான். ஜப்பானில் ஜின்சு ஆற்றோரம் நெல்வயல்களில் காட்மியம் ஏறி எலும்பு நொறுங்கும் நோய் வந்ததும் மேலே இருந்த துத்தநாகச் சுரங்கத்தால்தான்.

நகை வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கடையில் போய் "கேடிஎம் நகை இருக்கா?" என்று இன்னமும் கேட்கிறீர்கள். கேடிஎம் சுத்தத்துக்கான முத்திரை அல்ல, காட்மியம் வைத்துப் பற்றவைத்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. 916 ஹால்மார்க்கும் ஆறெழுத்து அடையாள எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கேட்பதை நிறுத்தினால் பட்டறையில் உருக்குவதும் நிற்கும். போட்டுக்கொள்கிற உங்களைவிட அதைச் செய்கிறவர்தான் விலை கொடுக்கிறார்.

பட்டறையில் இருக்கும் அண்ணன்களுக்கு: காட்மியத்தைத் தூக்கிப் போடுங்கள், காட்மியம் இல்லாத பொடி கிடைக்கிறது. வெள்ளிப் பற்றவைப்புக் கம்பி வாங்கினாலும் காட்மியம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மூடிய அறையில் ஊதாதீர்கள். மேலே சுற்றும் மின்விசிறி புகையை அறைக்குள்ளேயேதான் சுற்றவிடும், முகத்துக்கு முன்னாலிருந்து வெளியே இழுக்கும் விசிறி வையுங்கள். துணியைக் கட்டிக்கொண்டு முகக்கவசம் என்று சொல்லாதீர்கள், இந்தப் புகைக்குத் துணி ஒரு தடையே அல்ல. கை கழுவாமல் டீ குடிக்க வேண்டாம். பீடியும் சிகரெட்டும் வேண்டவே வேண்டாம், புகையிலைச் செடியே மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பட்டறையிலேயே பிள்ளைகளைத் தூங்க வைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டுமாவது இன்றைக்கே நிறுத்துங்கள்.

உருக்கிய அன்று குளிரும் இருமலும் வந்தால் காத்திருக்காமல் பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்கோ போங்கள். காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். காட்மியம் என்ற பெயரைச் சொல்லுங்கள், எத்தனை மணிக்கு உருக்கினீர்கள், அறை மூடியிருந்ததா என்பதையும் சொல்லுங்கள். முதல் நாள் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம், அதைக் காட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள். மூன்று நாளாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும்.