கேசினோ டேபிள் கேம்: ஒரு சொல் விளக்கம்

செல்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்து விழும் சூதாட்டச் செயலி விளம்பரங்களில் சில தமிழிலும் பேசும். 'நேரடி வியாபாரியுடன் மேசை விளையாட்டுகளை அனுபவியுங்கள்' என்கிற மாதிரித் தமிழ். வியாபாரி யார், மேசையில் என்ன விற்கிறார் என்று விழிக்க வேண்டியதுதான். இயந்திரம் மொழிபெயர்த்த வினை. 'லைவ் டீலர்' வியாபாரி ஆகிவிட்டார், 'டேபிள் கேம்' மேசை விளையாட்டு ஆகிவிட்டது, 'ஹவுஸ் எட்ஜ்' வீட்டு விளிம்பு ஆகிவிட்டது. இதற்கெல்லாம் தமிழில் சொல்லே கிடையாதா என்றால், கொட்டிக் கிடக்கிறது. சங்க காலம் தொட்டு நமக்குப் பழக்கமான தொழில்தானே.

முதலில் 'கேசினோ'. இது இத்தாலியச் சொல். 'காசா' என்றால் வீடு. அதோடு சிறுமையைக் காட்டும் விகுதி சேர்ந்தால் 'காசினோ', அதாவது சின்ன வீடு. சின்ன வீடு என்றதும் தமிழர் மனம் எங்கே போகுமோ, இத்தாலியர் சொல்லும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. செல்வர்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமாக, தோட்டத்தின் நடுவே கட்டிக்கொண்ட கேளிக்கை மனைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பாட்டு, கூத்து, விருந்து, கூடவே சீட்டு. நாளடைவில் விலைமாதர் இல்லத்தையும் அந்தச் சொல்லால் குறித்தார்கள். இன்றைய பேச்சு வழக்கில் 'என்ன காசினோ இது!' என்று ஓர் இத்தாலியர் அலுத்துக்கொண்டால், 'என்ன ரகளை இது!' என்று பொருள். சூதாடும் இடத்தைச் சொல்ல வேண்டுமென்றால் கடைசி எழுத்தை அழுத்தி, வேறுபடுத்திச் சொல்வார்கள்.

வெனிஸ் நகர அரசு 1638-இல் தானே ஒரு சூதாட்ட மனையைத் திறந்து நடத்தியது. அதன் பெயர் 'ரிடோட்டோ', ஒதுங்கும் அறை என்பது போன்ற பொருள். 1774-இல் அரசே அதை மூடியும் விட்டது. பிறகு 1863-இல் மான்டி கார்லோவில் எழுந்த மாளிகையின் புகழால்தான் 'கேசினோ' என்ற பெயர் ஊரெங்கும் பரவியது என்று சொல்லலாம். ரிடோட்டோவானாலும் கேசினோவானாலும் பெயரில் சூது என்ற பேச்சே இல்லை, கவனியுங்கள். ஒன்று அறை, மற்றொன்று வீடு. நம் ஊரில் 'மனமகிழ் மன்றம்' என்று பலகை மாட்டிக்கொண்டு உள்ளே என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெயர் வைப்பதில் உலகம் முழுக்க ஒரே புத்திதான்.

தமிழ்நாட்டு நாளேடுகள் கேசினோவைப் பெரும்பாலும் 'சூதாட்ட விடுதி' என்று எழுதுகின்றன. விடுதி என்றால் தங்குமிடம். கோவாவில் ஆற்றில் மிதக்கும் கப்பலில் நடப்பதையும் விடுதி என்பது எனக்கு ஒட்டவில்லை. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. 2010-இல் அங்கே மரினா பே சாண்ட்சிலும் செந்தோசாவிலும் கேசினோக்கள் திறந்தபோது, அறிவிப்புக்கும் செய்திக்கும் தமிழ்ச் சொல் தேவைப்பட்டது. அங்கே வழங்கும் சொல் 'சூதாட்டக்கூடம்'. கூடம் என்றால் பலர் கூடும் இடம். பொருளும் சரி, ஓசையும் சரி. இதையே எங்கும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் நம்மிடம் இதற்கென்றே இருந்த பழைய சொல் ஒன்று உண்டு. கேட்டால் சிலர் கோபித்துக்கொள்ளலாம். அந்தச் சொல் கழகம்.

திருக்குறளில் 94-ஆம் அதிகாரம் சூது. அதில், 'கவறும் கழகமும் கையும் தருக்கி இவறியார் இல்லாகி யார்' என்கிறது 935-ஆம் குறள். கவறு என்பது உருட்டும் காய். கை என்பது உருட்டும் கைத்திறன். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கழகம், ஆடும் இடம். சந்தேகமே வேண்டாம் என்பதுபோல் 937-இல் மறுபடியும் வருகிறது: 'பழகிய செல்வமும் பண்பும் கெடுக்கும் கழகத்துக் காலை புகின்'. இங்கே 'காலை' என்பது பொழுதை என்று பொருள்படும். பொழுதை அங்கே கழித்தால், தலைமுறையாக வந்த சொத்தும் குணமும் போய்விடும் என்பது கருத்து.

பிறகு அந்தச் சொல்லுக்கு நல்ல காலம் பிறந்தது. கம்பராமாயண நாட்டுப் படலத்தில் 'கந்தனை யனையவர் கலைதெரி கழகம்' என்று வரும்போது, அது இளைஞர்கள் கலை பயிலும் இடம். இருபதாம் நூற்றாண்டில் நூற்பதிப்புக் கழகம், போக்குவரத்துக் கழகம், பல்கலைக்கழகம் என்று அது எங்கெல்லாம் போய் அமர்ந்திருக்கிறது! அரசியல் கட்சிகளைச் சொல்லவே வேண்டாம். இத்தாலியில் நல்ல வீடு சூதாட்ட மனையாகத் தேய்ந்தது. இங்கே சூதாட்ட மனை பட்டமளிப்பு மண்டபமாக உயர்ந்தது. இனிப் போய்க் கேசினோவைக் கழகம் என்று யாரும் எழுத முடியாது, எழுதவும் கூடாது. குறளுக்கு உரை சொல்கையில் மட்டும் அந்தப் பழைய பொருள் நினைவில் இருக்கட்டும்.

அடுத்தது 'டேபிள் கேம்'. கேசினோவில் ஆட்டங்கள் இரண்டு வகை. காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தும் இயந்திரங்கள் ஒரு வகை. பச்சைத் துணி விரித்த மேசையைச் சுற்றி ஆட்கள் நின்று ஆடும், சக்கரத்தில் பந்தை ஓடவிடும் ரவுலட், சீட்டாட்டங்களான பிளாக்ஜாக், பக்காரா போன்றவை மற்றொரு வகை. இரண்டாவதுதான் டேபிள் கேம். 'மேசை' என்பதும் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல்தான் என்றாலும் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது, அதில் குறை இல்லை. 'மேசை விளையாட்டு' என்பதில் குறை, டேபிள் டென்னிசும் கேரம் போர்டும் அதற்குள் நுழைந்துவிடும் என்பதுதான்.

தொல்காப்பியம் இங்கே கை கொடுக்கிறது. எழுத்ததிகாரத்தில், புள்ளி மயங்கியலில், 'வல்' என்ற சொல்லுக்குப் புணர்ச்சி விதி சொல்ல வருகிறார் ஆசிரியர். வல் என்பது காய் வைத்து ஆடும் ஆட்டம். அது வல்லு என்றும் வரும். 'நாயும் பலகையும் வரூஉங் காலை' என்று தொடங்கும் நூற்பாவின்படி, அந்தச் சொல்லோடு நாய் சேர்ந்தால் வல்லநாய், பலகை சேர்ந்தால் வல்லப்பலகை. இந்த நாய் குரைக்காது. ஆட்டக் காய்க்கு அதுதான் பெயர். புறநானூற்று 52-ஆம் பாட்டில் பாழடைந்த 'பொதியில்' ஒன்று, அதாவது ஊர்ப் பொதுமன்றம் ஒன்று வருகிறது. கடவுள் கைவிட்டுப் போன தூண், பலி நின்றுபோன மன்றம். அங்கே நரைத்த முதியவர்கள் நாயை வைத்து வைத்து ஆடியதில் வல்லின் களம் குழிந்து போயிருக்கிறது. ஆள் அரவம் இல்லாத அந்தக் குழி நிறையக் காட்டுக்கோழி முட்டை இட்டு வைத்திருக்கிறது. அகநானூறு 377-இலும் இப்படியொரு பொதியில் உண்டு. அங்கே வல்லைக் கறையான் அரித்துவிட்டது. ஆட்டக் களம் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டுமா?

பலகையில் கீறிய கட்டங்களுக்கு அரங்கு என்று பெயர். 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்று தொடங்கும் 401-ஆம் குறள், கட்டம் வரையாமல் காய் உருட்டுவதைத்தான் சொல்கிறது. ரவுலட் மேசையின் பச்சைத் துணியில் வெள்ளைக் கோட்டால் பிரித்து எண் எழுதிய கட்டங்கள் இருக்கின்றனவே, அவை அரங்கு. பணத்துக்குப் பதிலாக அதன்மேல் வைக்கும் வட்ட வில்லைகள் வட்டு. 'சிப்' என்பதைச் 'சில்லு' என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும், தவறில்லை. வட்டு இன்னும் பொருத்தம்.

ஆகவே டேபிள் கேமுக்கு என் தேர்வு 'பலகைச் சூது'. பலகை ஆட்டம் என்று நிறுத்தினால் சதுரங்கமும் பரமபதமும் வந்து சேரும். சூது என்ற சொல்லை விடாமல் சேர்க்க வேண்டியது அதனால்தான். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

மற்றச் சொற்களை விரைவாகப் பார்த்துவிடலாம். டீலர் என்பவர் சீட்டுப் போடுகிறவர். 'இப்ப யாரு போடுறது?' என்றுதான் சீட்டாடுகிற எந்த வட்டத்திலும் கேட்பார்கள், வியாபாரியை யாரும் தேடுவதில்லை. பெட் என்பது பந்தயம் அல்லது பணயம். 'பண' என்ற வடசொல்லுக்குப் பந்தயப் பொருள், நாணயம் என்று இரண்டு பொருளும் உண்டு என்பதையும் இங்கே முடிச்சுப் போட்டு வைக்கலாம். பகடையைப் பகடை என்றோ கவறு என்றோ சொல்லலாம். கீழடியில் யானைத் தந்தத்தில் செய்த பகடை கிடைத்திருக்கிறது, ஆக இந்தத் துறையில் நாம் யாரிடமும் சொல் கடன் வாங்க வேண்டியதில்லை. செயலிகளில் 'அந்தர் பாஹர்' என்று வட இந்தியப் பெயரில் திரிவது நம் 'உள்ளே வெளியே'தான், மங்காத்தா என்றும் சொல்வார்கள். ரவுலட், பக்காரா போன்ற ஆட்டப் பெயர்களை மட்டும் பெயர்க்காமல் விட்டுவிடுவது நல்லது. ரவுலட் என்றால் பிரெஞ்சில் சிறு சக்கரம். அதற்காக 'சிறுசக்கரம்' என்று எழுதினால் பிள்ளைகளின் நடைவண்டி என்று நினைப்பார்கள். சீட்டு இனங்களையே பாருங்களேன். ஆட்டின், கிளாவர் என்று தாத்தா காலத்திலிருந்து சொல்கிறோம். டச்சு மொழியில் அவை ஹார்ட்டன், க்ளாவர். வந்த பெயரை அப்படியே வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள்.

'ஹவுஸ் எட்ஜ்' கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. இங்கே ஹவுஸ் என்பது ஆட்டத்தை நடத்துகிறவர். ஐரோப்பிய ரவுலட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள், கூடவே ஒரு பூச்சியம், ஆக 37 குழிகள். ஓர் எண்ணின் மேல் 100 ரூபாய் கட்டி அது விழுந்தால் 35 மடங்கு, அதாவது 3,500 ரூபாயும் கட்டிய 100 ரூபாயும் வரும். சரி, 37 குழிகளிலும் குழிக்கு 100 கட்டுவதாக வைத்துக்கொள்வோம். போட்டது 3,700. பந்து எந்தக் குழியில் விழுந்தாலும் திரும்புவது 3,600. அந்த 100 ரூபாய் நடத்துகிறவருக்கு, நூற்றுக்கு 2.70. அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூச்சியம் இன்னொன்று உண்டு, 38 குழிகள், அதே 35 மடங்குதான். அங்கே பங்கு 5.26 ஆக ஏறிவிடும். ஏமாற்று எதுவும் தேவையில்லை, கணக்கே அப்படி. இதை 'நடத்துகிறவர் பங்கு' என்று எழுதினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். குறள் 933-இல் வரும் 'உருளாயம்' என்ற சொல்லில் உள்ள ஆயம், காய் உருள்வதில் கிடைக்கும் வரவைக் குறிப்பது. 'ஆயப்பங்கு' என்று சுருக்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் கொள்ளலாம்.

இனி 'மொபைல்'. கைபேசியில் வரும் பலகைச் சூதும் இரண்டு வகை. ஒன்றில் சக்கரம், பந்து, சீட்டு எல்லாமே வரைபடம். முடிவைத் தீர்மானிப்பது மென்பொருள் உருவாக்கும் எண். பந்து சுழல்வது நம் கண்ணுக்காகக் காட்டும் பொம்மலாட்டம். இன்னொன்று 'லைவ்'. லாத்வியாவின் ரீகா போன்ற நகரங்களில் படப்பிடிப்பு அரங்கு கட்டி, நிஜ மேசையும் நிஜ ஆட்களும் வைத்து, இரவு பகலாகக் காணொளியாக அனுப்புகிறார்கள். திரையின் மேல் பாதியில் சீட்டுப் போடுகிறவர் சிரித்தபடி நிற்பார். கீழ்ப் பாதியில் கட்டங்களும் வட்டுகளும் வரைந்திருக்கும். நொடிகள் இறங்கி முடிந்ததும் பந்தயம் அடைபடும். மேசையில் சீட்டு திரும்பியதும் கேமரா அதைப் படித்து எண்ணாக மாற்றிவிடுவதால், வென்றவர் கணக்கில் அப்போதே தொகை ஏறும். முதல் வகையைப் 'படப் பலகை' என்றும், இரண்டாவதை 'நேரலைப் பலகை' என்றும் பிரித்துச் சொன்னால் குழப்பம் வராது. நேரலை என்ற சொல் தொலைக்காட்சியால் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கடைசியாக, தள்ளி வைத்த காரணம். ஆங்கிலத்தில் இத்தொழிலில் இருப்பவர்கள் சூது என்ற பொருள் தரும் சொல்லைத் தவிர்த்து 'கேமிங்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். தமிழ் விளம்பரத்திலும் அது 'விளையாட்டு' என்று வந்து நிற்கிறது. தமிழில் விளையாட்டு வேறு, சூது வேறு. சூது என்ற சொல்லை 'த்யூதம்' என்ற வடசொல்லோடு சேர்த்துச் சொல்வார்கள். வேர் எதுவானாலும், 'சூதுவாது தெரியாதவன்' என்று இன்றும் பேசுகிறோமே, வஞ்சகம் என்ற பொருள் அதில் ஊறிக் கிடக்கிறது. சட்டத்திலும் இந்த வேறுபாட்டின் மேல்தான் வழக்கு நடந்தது. தமிழ்நாட்டின் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ரம்மியையும் போக்கரையும் அது அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியலிட்டிருந்தது. அவை திறமை ஆட்டங்கள் என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரில் அந்தப் பகுதியை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதத்துக்கே போகவில்லை. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதையும் நடத்தவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்றுவிட்டது.

ரம்மிக்கு எந்தப் பெயர் என்று அவர்கள் வாதாடிக்கொள்ளட்டும். கைபேசியில் சுழலும் ரவுலட்டில் திறமைக்கு வேலையே இல்லை. அதைக் 'கைபேசிப் பலகைச் சூது' என்று எழுதலாம். செய்தித் தலைப்புக்கு நீளமாக இருந்தால் 'கைபேசிச் சூது' போதும்.