எந்த ஈயம் பூசினார்கள்?

ஓணம் நெருங்கினால் மச்சிலிருந்து உருளி இறங்கும். கல்யாணம் வந்தால் நிலவாயும் குட்டுவமும் இறங்கும். நல்ல காரியம்தான். ஆனால் இந்த வருஷம் என் பட்டறைக்கு வந்த பித்தளைச் சருவங்கள் சிலவற்றின் உள்ளே, நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. வெள்ளைத் தாளில் உரசினால் பென்சில் கோடு மாதிரி கறுப்பாய் விழுகிறது. காரீயம் (லெட்) கலந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அப்படிப்பட்ட ஒரு சருவத்தில் ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு ஏத்தங்காய்ப் பொடிக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். "ஈயம் பூசத்தானே சொன்னோம் அண்ணே, பூசித்தானே தந்தாரு?" என்றார்கள்.

இந்தச் சொல்லில்தான் எல்லா வினையும். தமிழில் ஈயம் இரண்டு: வெள்ளீயம் (டின்), காரீயம். பெயரைப் பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். இரண்டும் வேறு வேறு உலோகம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும், காரீயம் 327-இல். கொஞ்சம் வெள்ளீயம் வயிற்றுக்குள் போனாலும் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். காரீயம் எலும்பில் போய்க் குடியிருக்கும், வருஷக்கணக்கில். களியக்காவிளைப் பக்கம் மலையாளம் படித்தவர்களுக்குக் குழப்பம் இரட்டிப்பு. அந்தப் பாடப்புத்தகத்தில் ஈயம் என்றாலே காரீயம்தான். ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறோமே என்பார்கள். ஒழுங்கான ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. பென்சிலுக்குள் இருப்பதையும் காரீயம் என்கிறோம். அது கரி, இந்த இரண்டிலும் சேராது. ஆகவே "ஈயம் பூசியாச்சா" என்று கேட்டால் பதிலில் ஒன்றும் இல்லை. எந்த ஈயம் என்று கேளுங்கள். பூசப்போகிற ஈயக்கட்டியைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பாத்திரத்தைக் கொடுங்கள்.

அடுத்தது ஆச்சி கதை. "எங்க ஆச்சி இதிலதான் தீயல் வச்சா, தொண்ணூறு வயசு இருந்தா." இருக்கட்டும். ஆச்சிக்குப் பூசியது நல்ல வெள்ளீயமாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் யாரும் ரத்தத்தில் காரீயம் அளந்து பார்க்கவில்லை. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே காரீயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர் உடம்பு உறிஞ்சுவதைப் போல நாலைந்து மடங்கு சிறு பிள்ளையின் உடம்பு உறிஞ்சும்; அடி விழுவது மூளையில். சக்தி குறைகிறது, படிப்பு ஏறவில்லை என்று காரணம் தேடுகிறவர்கள் யாரும் அடுக்களைச் சருவத்தைப் பார்ப்பதில்லை.

ஏன் கலக்கிறார்கள்? வெள்ளீயம் காரீயத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் விலை. அது போதாதென்று எலக்ட்ரிக் கடையில் விற்கும் சால்டரிங் கம்பி வேறு. 60-க்கு 40 கம்பியில் நூற்றுக்கு நாற்பது பங்கு காரீயம். 190 டிகிரிக்குள்ளேயே இளகி ஓடும், சுலபமாய்ப் பரவும், முதல் நாள் நன்றாய் மின்னும். பூசுகிறவர் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். பலருக்கு அந்தக் கம்பியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

சோதிக்க வழி உண்டு. சுத்த வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று ஒரு சத்தம் வரும். காரீயம் சேரச் சேரச் சத்தம் அடங்கிவிடும். பூசின பாத்திரமானால் தாளில் உரசிப் பாருங்கள், கோடு விழுந்தால் ஒதுக்கிவிடுங்கள். விழவில்லை என்பதால் மட்டும் நிம்மதியாகிவிட வேண்டாம். கொஞ்சமாய்க் கலந்தால் கோடு தெரியாது. நகைக்குத் தரம் பார்க்கும் எக்ஸ்ரே மெஷின் இருக்கும் இடத்தில், காரீயமும் காட்டுமா என்று கேட்டுவிட்டு ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

இனி பாத்திரத்தை இறக்கிய பிறகு செய்ய வேண்டியது. முதலில் அது என்ன உலோகம் என்று பாருங்கள். உருளி பெரும்பாலும் வெங்கல வார்ப்பு: செம்பு ஏறக்குறைய 78 பங்கு, வெள்ளீயம் 22. தட்டினால் மணிபோல் நீளமாய் ஒலிக்கும். ஒலி சட்டென்று செத்தால் எங்கேயோ கீறல் இருக்கிறது. வெங்கலம் நெளியாது, உடையும். சுத்தியலை எடுக்காதீர்கள், சூட்டோடு பச்சைத்தண்ணீர் ஊற்றாதீர்கள். பிரதமன், சக்கவரட்டி, உருக்கு வெளிச்செண்ணெய் (தேங்காய் எண்ணெய்) இதற்கெல்லாம் பூச்சில்லாத வெங்கல உருளி ஆகும். காய்ச்சி முடிந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். புளிசேரி, புளிமுளம் மாதிரிப் புளிப்புக் கறிகள் அதில் வேண்டாம். பித்தளைக்கும் செம்புக்கும் பூச்சில்லாமல் சமையலே கிடையாது. பூ மிதக்கவிட என்று வாங்கிய அலங்கார உருளிக்கு மேலே வார்னிஷ் அடித்திருக்கும். அதை அடுப்பில் ஏற்றுகிறவர்களை என்ன சொல்வது!

பிறகு ஒழுக்கு. தண்ணீர் நிரப்பிக் காய்ந்த செய்தித்தாள் மேல் ஒரு ராத்திரி வையுங்கள். ஒழுகினால் பித்தளைப் பொடி வைத்து ஊதித்தான் அடைக்க வேண்டும். பழைய அடைப்பு ஏற்கனவே இருந்தால் கத்தி நுனியால் சுரண்டுங்கள். வெண்ணெய்போல் வழிந்து உள்ளே சாம்பலாய் மின்னினால் அதுவும் சால்டர்தான். அந்தப் பாத்திரம் குளிக்க வெந்நீர் போட மட்டும். ஒட்டுப்பசை வைத்து அடைத்தது அதற்குக்கூட ஆகாது.

களிம்பு எடுக்கப் பழைய புளியும் உப்பும் போதும். ஒரு எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, கைப்பிடி உப்பு சேர்த்து, தேங்காய்த் தும்பால் தேயுங்கள். பத்து நிமிஷம், ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டாம். கழுவிய கையோடு துணியால் ஈரம் போகத் துடையுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் மறுநாளே பச்சை பூக்கும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை மட்டும் தொடாதீர்கள். அது பித்தளையிலிருந்து துத்தநாகத்தைத் தின்றுவிட்டுச் செம்பை விட்டுப்போகும். இளஞ்சிவப்புத் திட்டு தெரிந்தால் அந்த இடம் உள்ளே உளுத்துவிட்டது.

பூசும்போது கூடவே நில்லுங்கள். பாத்திரம் சுட்டதும் நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தை உரசி, பஞ்சால் ஒரே வீச்சில் பரத்துவார்கள். வெள்ளைப் புகை வரும், காற்றோட்டத்தில் நில்லுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். வீடியோ பார்த்து வீட்டில் கேஸ் அடுப்பில் முயலவே வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இரண்டு முறை தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டுங்கள், நவச்சார மிச்சம் போய்விடும். கண்ணாடிபோல் மின்னும் நிக்கல் முலாம் வேறு, இது வேறு. அதை ஈயம் என்று கொடுத்தால் வாங்காதீர்கள்.

பூசின பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் அரியப் போகாதீர்கள். 232 டிகிரி ஒன்றும் பெரிய சூடில்லை. பூச்சு இளகித் திரண்டுவிடும். தாளிப்பை இரும்புக் கரண்டியில் செய்து ஊற்றுங்கள். சிரட்டை அகப்பை போதும். கம்பி நார் வேண்டாம். பூச்சு நாளாக ஆகக் கறுக்கும், அது இயல்பு. தேய்த்துப் பளபளப்பாக்கினால் நீங்களே பூச்சை உரிக்கிறீர்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவு செம்போ பித்தளையோ தெரிந்தால் மறுபடி பூச நேரம் வந்துவிட்டது.

மற்றச் சாமான்கள் இவ்வளவு படுத்தாது. இரும்புச்சட்டியைத் துரு போகத் தேய்த்து, சூடாக்கி, நல்லெண்ணெய் மெல்லத் தடவிப் புகையவிட்டு ஆறவையுங்கள். மூன்று நாலு முறை. இங்கே எல்லாரும் வெளிச்செண்ணெய்தான் தடவுகிறோம். அது சட்டியில் படலமாய்ப் பிடிக்காது, பிறகு துரு வருகிறதே என்று வருத்தப்படுகிறோம். ஆட்டுக்கல்லைக் கொத்தியபின் தவிடு போட்டு ஆட்டிக் கொட்டுங்கள். கையில் மணல் தட்டாத வரைக்கும் அரிசி போடாதீர்கள். உப்புமாங்காய்ப் பரணியின் (ஜாடியின்) உள்மெருகில் வலைபோல் வெடிப்பு இருந்தால் அதில் புளிப்பு வேண்டாம்.

காரீயம் பூசின பாத்திரத்தில் மாதக்கணக்காய்ச் சமைத்துவிட்டோம் என்று தெரிந்தால் பயந்து ஓட வேண்டாம். வீட்டில் சிறு பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி ரத்தத்தில் காரீயம் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சை உருக்கித் துடைத்துவிட்டு மறுபடி பூசலாமா என்று கேட்பார்கள். பித்தளையோடு கலந்த மிச்சம் முழுக்கப் போகாது, நான் செய்து தருவதில்லை. அதில் செடி வையுங்கள். ஆக்கர் கடையில் (பழைய சாமான் கடையில்) போடுவதானால், தயவுசெய்து, போடும் முன் உள்ளேயும் அடியிலும் "சமையலுக்கு ஆகாது" என்று ஆணியால் ஆழமாய்க் கீறிவிடுங்கள். எடை போட்டு வாங்குகிற கடைக்காரர் நசுக்கிவிடுவார் என்று நம்பாதீர்கள். நல்ல சருவத்தை யாரும் நசுக்க மாட்டார்கள், தேய்த்துப் பழைய பித்தளை என்று இன்னொரு வீட்டுக்குத்தான் கொடுப்பார்கள்.