இரண்டு லைன் இருந்தும் சர்வர் ஏன் ஒரே வழியாகப் போகிறது?

தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும் மாவட்டம் நம் கன்னியாகுமரி. குலசேகரம், திருவட்டார் பக்கமெல்லாம் இணையக் கேபிள் ரப்பர் தோட்டத்தின் ஓரமாகக் கம்பத்துக்குக் கம்பம் தொங்கியபடிதான் வருகிறது. ஒரு கிளை முறிந்தால் போச்சு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது மரமும் கம்பமும் சேர்ந்து விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது லைன் எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை. நான் வேலைக்குப் போகும் முந்திரி ஆலை, ஸ்கேன் சென்டர், மீன் கம்பெனி எல்லாவற்றிலும் இன்று இரண்டு லைன் உண்டு. லினக்ஸ் சர்வரில் இரண்டாவது ஒயரைச் செருகியதோடு வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்புறம் ஒருநாள் போன் வரும்: "ரெண்டு லைனுக்கும் மாசாமாசம் பைசா கட்டுதோம்லா, பொறவு எதுக்காக்கும் நிக்குது?"

சாதாரணமாக ஒரு பாக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, அனுப்பும்போது சர்வர் பார்ப்பது அது எங்கே போகிறது என்பதைத்தான். எந்த முகவரியிலிருந்து கிளம்புகிறது என்பதைக் கண்டுகொள்ளாது. டிஃபால்ட் ரவுட் (தனியாக வழி சொல்லாத எல்லாவற்றுக்குமான பொது வழி) இரண்டு இருந்தால் மெட்ரிக் என்ற முன்னுரிமை எண் குறைந்ததை எடுத்துக்கொள்ளும். மற்றது சும்மா கிடக்கும். முதல் லைன் மார்த்தாண்டத்தில் எங்கோ அறுந்தாலும் சர்வருக்குத் தெரியாது. மோடம் வரை உள்ள ஒயர் நன்றாக இருக்கிறது, விளக்கும் எரிகிறது, பிறகென்ன? அந்த லைன் வழியாகவே வெளியே ஒரு முகவரிக்கு அவ்வப்போது பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் செய்தி) போட்டு, பதில் வராவிட்டால் ரவுட்டை எடுத்துவிடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் இருந்தால்தான் இரண்டாவது லைனுக்கு வேலை வரும்.

இதைவிட ஆளைச் சுற்றவிடுவது வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்புதான். குளச்சலில் ஒரு மீன் கம்பெனி. இரண்டு லைனுக்கும் நிலையான ஐபி. வெளியூர்க் கிளையிலிருந்து இரண்டாவது லைனின் முகவரிக்கு வந்தால் பில்லிங் பக்கம் திறக்கவே திறக்காது. ஃபயர்வாலைத் திறந்து பார்த்தாயிற்று, லைன்காரரிடம் சண்டையும் போட்டாயிற்று. சர்வரில் ஒயர் செருகும் இரண்டு இன்டர்ஃபேஸிலும், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டதும் கதை வெளியே வந்தது. இணைப்பைத் தொடங்கும் சின் பாக்கெட் இரண்டாவது லைனின் இன்டர்ஃபேஸான ஈத்1 வழியாக வருகிறது. பதிலான சின்-ஆக் முதல் லைனின் ஈத்0 வழியாகப் போகிறது, அதுவும் இரண்டாவது லைனின் முகவரியைச் சுமந்துகொண்டு. தங்களுடையதல்லாத முகவரியைக் கண்டதும் முதல் லைன் கம்பெனி அதைத் தூக்கி எறிகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. போலி முகவரித் தாக்குதலைத் தடுக்க இப்படி வடிகட்டச் சொல்லி ஆர்எஃப்சி 2827 என்ற இணைய நடைமுறை ஆவணம் வெளிவந்தது 2000ஆம் ஆண்டிலேயே.

அங்கே ஆர்பி ஃபில்டர் (பாக்கெட் வந்த வழியிலேயே பதிலும் போகுமா என்று சரிபார்க்கும் லினக்ஸ் அமைப்பு) 2 என்று தளர்வாக இருந்ததால் பதிலாவது கிளம்பியது. 1 ஆக இருந்திருந்தால் வந்த சின்னையே லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் விழுங்கியிருக்கும்: டிசிபிடம்ப்பில் தெரியும், பில்லிங் மென்பொருளுக்குப் போய்ச் சேராது. ஃபயர்வாலைச் சந்தேகப்பட்டுப் பொழுதைப் போக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தீர்வு பாலிசி ரவுட்டிங், அதாவது கிளம்பும் முகவரி போன்றவற்றையும் பார்த்து வழி தேர்ந்தெடுப்பது. இரண்டாவது லைனுக்கென்று தனி ரவுட் டேபிள் (வழிப் பட்டியல்) ஒன்று, எண் 200 என்று வைப்போம். அந்த லைனின் கேட்வே (வெளியே போகும் வாசல்) அதில் டிஃபால்ட். அலுவலகத்தின் உள் வலையமைப்பான லேனின் ரவுட்டும் அதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்குப் போகவேண்டிய பதிலும் வெளியே ஓடும். பிறகு ஐபி ரூல் கட்டளையில் 'இந்த முகவரியிலிருந்து கிளம்பினால் டேபிள் 200ஐப் பார்' என்று ஒரு விதி. சர்வர் சாதாரணமாகப் பார்க்கும் மெயின் டேபிளுக்கான விதியின் எண் 32766. நம் விதி அதைவிடச் சிறிய எண்ணோடு அதற்கு முன்னால் வர வேண்டும். முதல் லைனுக்கும் இதேபோல் ஒன்று போட்டுவிடுவது நல்லது. லினக்ஸுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டி வைத்திருப்பவர்களுக்குப் பிஎஃப் ஃபயர்வாலின் ரிப்ளை-டு இதே வேலையைச் செய்யும். போட்டதை நம்பாமல் ஐபி ரவுட் கெட் கட்டளையில் ஃப்ரம் முகவரியும் கொடுத்துக் கேளுங்கள். எந்த இன்டர்ஃபேஸ் என்று கர்னலே சொல்லும்.

இரண்டாவது லைன் 4ஜி டாங்கிள் என்றால், அது 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி வாங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் லைன் கம்பெனியின் நாட் (NAT, பலருக்கும் சேர்த்து ஒரே பொது முகவரி கொடுக்கும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே வர முடியாது, இந்த வித்தையெல்லாம் அதற்கு உதவாது.

ஸ்கேன் சென்டர் நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. படங்களை அனுப்பும் நிரலைத் தனி யூசரில் ஓடவிட்டு, அந்த யூசரின் டிராஃபிக் விபிஎன் (பூட்டிய தனிக் குழாய் போன்ற இணைப்பு) இன்டர்ஃபேஸில் மட்டும் போக விதி போட்டிருப்பார்கள். விபிஎன் விழுந்தால் அந்த டேபிளில் உள்ள ரவுட்டுகளும் கூடவே மறையும். கர்னல் அங்கேயே நிற்காது. அடுத்த விதிக்குப் போய், மெயின் டேபிளில் வழி கண்டுபிடித்து, நோயாளியின் படத்தைச் சாதாரண லைனிலேயே அனுப்பப் பார்க்கும். எர்ரர் எதுவும் வராது, எல்லாம் ஓடுவதுபோலத்தான் தெரியும். அதே டேபிளில் பெரிய மெட்ரிக் எண்ணோடு 'போக வழியில்லை' என்று சொல்லும் ஒரு அன்ரீச்சபிள் டிஃபால்ட் ரவுட் சேர்த்துவிட்டால், விபிஎன் இல்லாதபோது அனுப்புவது நின்றுபோகும். நிற்கட்டும், அதுதான் வேண்டும்.

கட்டளையாகப் போட்ட எதுவும் ரீபூட்டுக்குப் பிறகு இருக்காது. நெட்பிளான் அல்லது நெட்வொர்க் மேனேஜர் கோப்பில் எழுத வேண்டும். ஒரு சாயங்காலம் அலுவலகம் முடிந்ததும் சர்வரை ரீபூட் செய்து, வீதியில் இருந்து கட்டிடத்துக்குள் வரும் ஃபைபரை மோடத்திலிருந்து கழற்றிப் பாருங்கள். சர்வர் பக்கத்து ஒயரைக் கழற்றினால் அது சோதனையே இல்லை.