எடைமேடையும் எடைச்சாவடியும்

லாரியை நிறுத்தி எடை பார்க்கும் இடத்தை 'எடைப்பாலம்' என்று எழுதுவது செய்திகளிலும் பலகைகளிலும் பரவி வருகிறது. 'வே பிரிட்ஜ்' என்பதை இரண்டாகப் பிய்த்து, வே என்றால் எடை, பிரிட்ஜ் என்றால் பாலம் என்று ஒட்டியதால் வந்த வினை இது.

'எடை' என்பது 'எடு' என்பதன் வழி வந்த சொல். தராசை எடுத்துப் பிடித்து நிறுப்பது. குழிமேல் தளம் கிடப்பதைப் பாலமாகப் பார்த்தது ஆங்கிலம். லாரி ஏறி நிற்பதை மேடையாகப் பார்த்தது தமிழ். அரிசி ஆலை வாசலில் 'எடைமேடை' என்று எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை.

பாலம் என்ற சொல் காவிரிப் படுகையில் குழப்பத்தையே தரும். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் சுமார் 13 கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். 'எடைப்பாலம் 500 மீட்டர்' என்ற பலகையை நெல் லோடுடன் வரும் ஓட்டுநர் எப்படிப் படிப்பார்? பாரம் தாங்காத பாலம் வருகிறது என்றுதான் படிப்பார். வேறு வழியில் வண்டியைத் திருப்பவும் பார்ப்பார். ஆற்றுக்கு ஆறு பாலம் கட்டிய மண்ணில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். மொழிபெயர்ப்பவர் அகராதியை மூடிவிட்டு ஒருமுறை அந்தச் சாலையில் போய் வந்தால் போதும்.

'வே ஸ்டேஷன்' என்பதை 'எடை நிலையம்' என்று மாற்றுவதும் சரிப்படாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும்தான் 40 கிலோ மூட்டையாக எடை போடுகிறார்கள். சட்டம் வண்டியை மறித்து நிறுத்தும் இடத்துக்குச் சுங்கச்சாவடி, சோதனைச்சாவடி என்று பழகிய சொல் இருக்கிறது. அந்த வரிசையில் எடைச்சாவடி. காசு கொடுத்து எடைச்சீட்டு வாங்கும் கருவி எடைமேடை. அதிகபாரம் பிடிக்கும் இடம் எடைச்சாவடி. இரண்டையும் கலக்கக் கூடாது.

ஓடும் வண்டியைச் சாலையில் பதித்த உணரிகளே (சென்சார்) நிறுக்கும் முறை வந்துவிட்டதால், இனி இந்தச் சொற்கள் எதற்கு என்று கேட்கலாம். அதை 'இயக்கத்தில் எடையிடல்' என்று இழுக்காமல் 'ஓட்ட எடை' என்றால் போதும். சாலை மேடுபள்ளமாக இருந்தாலோ, உணரிமேல் பிரேக் அடித்தாலோ, லாரி துள்ளி அச்சு (ஆக்சில்) எடை ஏறியும் இறங்கியும் காட்டும். எனவே ஓட்ட எடை சந்தேக வண்டியைப் பிரித்துக் காட்டவே உதவும். அபராதம் போட, நிறுத்தி நிறுக்கும் மேடை வேண்டும். அதிலும் தளத்தின் ஓர இடுக்கில் மணலும் உமியும் அடைத்தால் தளம் இறுகி எடை குறைத்துக் காட்டும். தினமும் கூட்டித் தள்ள வேண்டும்.

2018 முதல் இரண்டு அச்சு லாரிக்கு மொத்த எடை வரம்பு 18.5 டன். மீறினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம். மிகுதிச் சுமையை இறக்கிய பிறகே வண்டி நகரலாம். 2 டன் மிகுதி என்றால் 50 மூட்டை நெல். அதை இறக்கி அடுக்கத் தளமும், ஐப்பசி மழைக்குக் கூரையும் வேண்டும். பாலத்திலா இறக்குவது? சாவடியில்தான்.