மரவள்ளியின் இரண்டு காம்பராக்கள்

மலையகத்தில், பசறைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தார். “மரவள்ளி அவித்த நாளில் இஞ்சி போட்ட சாயத்தண்ணி குடிக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் நஞ்சு என்று எங்கள் அம்மாயி கண்டிப்பாகச் சொல்வார். இதை மூடநம்பிக்கை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?” இதற்கு ஒரு சொல்லில் பதில் தந்துவிட எனக்கு மனமில்லை. கிழங்குக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

மரவள்ளியில் லினமரின் என்றொரு சேர்வை இருக்கிறது. குளுக்கோசோடு பிணைந்திருக்கும் வரை அதிலுள்ள சயனைட்டு என்னும் நஞ்சு செடிக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. அந்தப் பிணைப்பை வெட்டக்கூடிய லினமரேஸ் என்னும் நொதியமும் அதே கிழங்கில்தான் இருக்கிறது. ஆனால் லினமரின் கலத்தின் உள்ளே புன்வெற்றிடம் என்னும் சிறு பையில் இருக்க, நொதியம் கலச்சுவரில் இருக்கிறது. ஒரே லயத்தில் அடுத்தடுத்த இரண்டு காம்பராக்களில், இடையில் ஒரு சுவரோடு, இருவர் குடியிருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. பன்றியோ எலியோ கிழங்கைக் கடிக்கும்போது சுவர் உடைகிறது, இருவரும் சந்திக்கிறார்கள், நொதியம் குளுக்கோசை வெட்டி எடுக்கிறது, மிஞ்சிய பகுதி அசற்றோனாகவும் ஐதரசன் சயனைட்டாகவும் பிரிகிறது. செடி நஞ்சைத் தயாராகச் சேமித்து வைக்கவில்லை என்பதையும், உண்ண வருகிற விலங்கின் பல்லே அதை உண்டாக்குகிறது என்பதையும் எண்ணும் ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மனிதர் இந்தப் பொறியை அப்படியே திருப்பிப் போட்டார்கள். கிழங்கைத் துருவினால் கோடிக்கணக்கான சுவர்கள் ஒரே நேரத்தில் உடைந்து, நஞ்சு வயிற்றுக்குள் உண்டாவதற்குப் பதிலாகப் பாத்திரத்திலேயே உண்டாகிவிடும். ஐதரசன் சயனைட்டின் கொதிநிலை ஏறத்தாழ 26 பாகை செல்சியஸ்தான் என்பதால், சிறிது சூட்டிலேயே அது ஆவியாகிப் போய்விடும். இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வெப்பம் நொதியத்தை அழித்துவிடும், லினமரினையோ எளிதில் அழிக்காது. பெரிய துண்டுகளைக் கொதிக்கும் நீரில் போட்டால், நஞ்சை வெளியேற்ற உதவும் நொதியம் முதலில் செயலிழக்க, லினமரின் கிழங்கிலேயே தங்கிவிடுகிறது. சிறிதாக நறுக்கி, தாராளமாகத் தண்ணீர் விட்டு, மூடாமல் அவித்து, நீரை வடித்துக் கொட்டும் நம் வழக்கத்தில் லினமரின் நீரில் கரைந்து போகிறது, உண்டான சயனைட்டு ஆவியோடு போகிறது. நம் தோட்டங்களில் உணவுக்காக நடப்படுபவை பெரும்பாலும் நஞ்சு குறைந்த இனிப்பு வகைகள் என்பதால் இவ்வளவே போதுமானதாக இருக்கிறது.

மரவள்ளியின் தாயகமான தென்னமெரிக்காவில் கசப்பு வகைகளை நம்பி வாழ்பவர்களுக்கு இது போதாது. கொலம்பியாவின் அமேசான் பகுதியில் வாழும் டுக்கானோ பழங்குடிப் பெண்கள் கிழங்கைச் சுரண்டி, துருவி, கழுவிப் பிழிந்து, சாறு, மாப்பொருள், சக்கை என மூன்றாகப் பிரிக்கிறார்கள். சாற்றைக் கொதிக்க வைத்துப் பானமாக்குகிறார்கள். மாப்பொருளையும் சக்கையையும் இரண்டு நாட்கள் வைத்திருந்த பிறகே சுடுகிறார்கள். அந்த இரண்டு நாள் காத்திருப்பு எதற்காக என்று வேதியியல் படித்த நமக்குத் தெரியும். ஆனால் லினமரின் என்ற பெயரே இல்லாத காலத்தில் அதை யார் கண்டுபிடித்திருக்க முடியும்?

தனியொருவரால் முடியாது என்பதே பண்பாட்டுக் கூர்ப்பை, அதாவது வழக்கங்கள் தலைமுறைகளூடாக மாறி வளர்வதை, ஆராய்பவர்களின் பதில், அதை நான் முழுமையாக ஏற்கிறேன். கசப்பு வகையை வெறுமனே அவித்தாலே கசப்பும் உடனடி வாந்தியும் பெருமளவு குறைந்துவிடும். மிஞ்சும் சிறிதளவு சயனைட்டைத் தயோசயனேற்றாக மாற்றி வெளியேற்ற உடல் கந்தகத்தைச் செலவிட வேண்டும். அந்தக் கந்தகம் புரதத்திலிருந்து வருவதால், புரதம் குறைவாக உண்ணும் ஏழைகளே முதலில் பாதிக்கப்படுகிறார்கள். தயோசயனேற்று தைரொயிட்டுச் சுரப்பிக்கு அயடீன் செல்வதைத் தடுப்பதால் கழுத்து வீங்கும் கண்டக்கழலையும் வரலாம். இவையெல்லாம் தெரியவர மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். ஆகவே, இரண்டு நாள் காத்திருப்பது வீண் வேலை என்று முடிவு செய்யும் புத்திசாலிப் பெண்ணுக்கு நேரம் மிச்சமாகும், உணவும் சுவையாகவே இருக்கும், தவறு நடந்திருப்பதாக எந்த அறிகுறியும் அவள் கண்ணில் படாது.

போர்த்துக்கேயர் இந்தக் கிழங்கை ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோனபோது செடி கப்பலேறியது, அதைப் பக்குவப்படுத்தும் அறிவு கப்பலேறவில்லை. பல சமூகங்கள் பின்னர் தம் சொந்த முறைகளைக் கண்டடைந்தாலும், வறட்சியிலும் போரிலும் அவசரமாகப் பக்குவம் செய்யப்பட்ட இடங்களில் இரு கால்களும் திடீரென நிரந்தரமாக முடங்கும் நோய் தோன்றியது. அன்றைய பெல்ஜியக் கொங்கோவிலிருந்து 1938இல் அது பதிவானது. ‘கட்டுண்ட கால்கள்’ என்ற பொருளில் அங்குள்ள மக்கள் அதை ‘கொன்சோ’ என்று அழைத்தார்கள்.

காரணம் தெரியாமலே முறையைப் பிசகாமல் பின்பற்றும் இயல்பு மனிதருக்கு எவ்வளவு ஆழமானது என்பதை விக்டோரியா ஹோர்னர், அன்ட்ரூ வைட்டன் என்னும் ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். ஒரு பெட்டியிலிருந்து பரிசை எடுக்கும் முறையைத் தேவையற்ற அசைவுகளையும் சேர்த்துச் செய்துகாட்டியபோது, பெட்டி கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் சிம்பன்சிகள் அந்த வீண் அசைவுகளை விட்டுவிட்டன. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோ அனைத்தையும் அப்படியே செய்தார்கள். பார்வைக்குச் சிம்பன்சியே கெட்டிக்காரன்போலத் தெரியும். ஆனால் மரவள்ளிப் பக்குவத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றக்கூடியது அந்தக் குழந்தைகளின் இயல்புதான்.

அம்மாயியின் இஞ்சி விலக்கும் அதே இயல்பின் வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. நஞ்சுக்கான பொருளும் அதை விடுவிக்கும் நொதியமும் கிழங்கிலேயே இருக்கின்றன, இஞ்சி புதிதாக எந்தச் சயனைட்டையும் கொண்டுவருவதில்லை. அரைவேக்காட்டுக் கிழங்கை உண்டு இஞ்சித் தேநீரும் குடித்து மயங்கிய ஒருவரைப் பார்ப்பவர்கள் இஞ்சியைக் குறை சொல்வது இயல்பே. பயனுள்ள விதியையும் பயனற்ற விதியையும் ஒரே பற்றோடு நம்மிடம் சேர்ப்பதுதான் இந்தக் கடத்தல் முறையின் விலை. அதனால் பழையதை எல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளுவதும், எல்லாவற்றையும் முன்னோரின் விஞ்ஞானம் என்று போற்றுவதும் எனக்கு ஒரே சோம்பலாகத் தெரிகின்றன, இரண்டு தரப்பினரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

சோதிப்பதற்குப் பணம் வேண்டும். தேயிலைக்கென்று 1925இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இன்றும் தலவாக்கலையில் இயங்குகிறது, அது வேண்டியதே. அந்தத் தேயிலைக் கொழுந்தைப் பறித்தவர்கள் 1973, 1974 தட்டுப்பாட்டுக் காலத்தில் மரவள்ளியை வைத்துக் குடும்பங்களைக் காப்பாற்றிய அடுப்படி அறிவையும் பதிவு செய்து ஆராய, அரசின் ஆய்வு நிதியில் ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அன்று சமைத்தவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை.

ஆகவே ஆசிரியை அவர்களுக்கு: முறைப்படி அவிந்து நீர் வடித்த கிழங்கை இஞ்சி நஞ்சாக்காது என்று வகுப்பில் தயங்காமல் சொல்லலாம். அம்மாயியிடம் இஞ்சியைப் பற்றி மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். சட்டியை ஏன் மூடுவதில்லை, தோலை எவ்வளவு தடிப்பாக உரிப்பார், வடித்த நீரை ஆட்டுக்கும் கோழிக்கும் எட்டாமல் எங்கே ஊற்றுவார், நீலக் கோடு ஓடிய கிழங்கை என்ன செய்வார் என்பதையும் மாணவர்களைக் கொண்டு கேட்டு எழுதி வையுங்கள்.