தடைக்காலத்தில் பேட்டரியை மறந்துவிடாதீர்கள்

ஜூன் இரண்டாம் வாரம் வந்தால் என் கடை வாசலில் மீன்பிடிப் படகுகளின் பேட்டரிகள் வரிசை கட்டும். "போன வருஷம்தான் வாங்கினேன் அண்ணே, இப்போ செல்ஃப் எடுக்கவே மாட்டேங்குது" என்பார்கள். 12 வோல்ட் பேட்டரியில் மீட்டர் வைத்தால் பத்து வோல்ட்கூட இருக்காது. கடலில் நன்றாக உழைத்த பேட்டரி, மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கரையில் சும்மா கிடந்த 61 நாளில் கெட்டிருக்கும்.

பெரும்பாலும் காரணம், வயரைக் கழற்றாமல் விட்டதுதான். எல்லா சுவிட்சையும் அணைத்தாலும் ஏதோ ஒரு கருவி கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கும். வெறும் 50 மில்லி ஆம்பியர் என்றாலும் 61 நாளில் 73 ஆம்பியர்-ஹவர் (பேட்டரி தேக்கி வைக்கும் சார்ஜின் அளவு) போய்விடும். 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் அது கிட்டத்தட்ட பாதி. கழற்றி வைத்தாலும் பேட்டரி தானாகவே இறங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் இன்னும் வேகமாக. இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டால் பிளேட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது.

அதனால் படகைக் கட்டிய அன்றே, முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். டெர்மினலில் பூத்திருப்பதைச் சோடா உப்பு கலந்த தண்ணீரால் கழுவுங்கள். அது செல்லுக்குள் இறங்கக் கூடாது. காய்ந்ததும் வாசலின் தடவுங்கள். சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழைய பயம். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அது பொருந்தாது. வெயில் படாத, காற்றோட்டமான இடமாக இருந்தால் போதும்.

முழுதாகச் சார்ஜ் போட்டு, சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அளந்து, 12.4க்கு வந்தால் மறுபடி சார்ஜ் போடுங்கள். 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்குச் சார்ஜ் கரண்ட் 15 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். ஆசிட் ஊற்றினால் உயிர் வரும் என்று சிலர் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், பிளேட்தான் அரிக்கும். 24 வோல்ட் படகு என்றால் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்று செத்திருந்தால் மற்றதும் சேர்ந்து கெடும். இந்தச் சோதனையை ஜூன் முதல் வாரமே முடித்துவிட்டால், மாற்ற வேண்டியதை நிதானமாக விசாரித்து வாங்கலாம். நடுக்கடலில் வயர்லெஸ்ஸும் ஜிபிஎஸ்ஸும் நம்பியிருப்பதும் இதே பேட்டரியைத்தான்.